கூப்பிடு தூரத்துக் காட்சிகள்

பொதிகை மலையில் பிறந்து, புன்னைக்காயலுக்கு அருகே கடலிற் கலக்கும் பொருநையாறு ஏறக்குறைய 128 கிலோமீட்டர் நீளமே உடையது. காவிரியோடும் கோதாவரியோடும் ஒப்பிட்டால் இது சிறிய ஆறே. ஆயினும், தமிழ்நாட்டிலேயே தோன்றித் தமிழ்நாட்டிலேயே கடலை அடையும் சிறப்பு இதற்கு உண்டு. தாமிரபரணி என்று வழங்கும் இவ்வாற்றின் இரு கரைகளிலும் இரட்டை நகரங்களாக விளங்குவன திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் ஆகும்.

இந்நகரங்களைச் சுற்றி முன்பு வயலும் பொட்டலுமாகக் கிடந்த நிலங்களில் இப்பொழுது புதிய குடியிருப்புகள் பல எழுந்துள்ளன. அங்கே குடியேறியோருள் வேற்றூரினர் பலர். விடுமுறை வந்தால் அவர்கள் குற்றாலத்திற்கோ குமரிமுனைக்கோ புறப்படுவர். புறப்பட இயலாத நாளில், "இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று பிள்ளைகள் கேட்பர். பெற்றோரும் விடை தெரியாது விழிப்பர். உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் அவ்வாறே விழிப்பதுதான் வியப்பு!

அவ்வினாவிற்கு விடை பெரும்பாலும் ஊர்ப்பெயரிலேயே இருக்கின்றது. திருநெல்வேலியை அடுத்த இராசவல்லிபுரத்தில் 1896-ஆம் ஆண்டில் பிறந்த பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளை, ஊர்ப்பெயர்களை ஆராய்ந்து 'ஊரும் பேரும்' என்னும் நூலை இயற்றினார். அவர் காட்டிய நெறியிற் சென்றால், பேருந்தின் நெற்றியில் எழுதிய பெயர்ப்பலகையும் ஒரு பாடநூலாகிவிடும். குறுக்குத்துறை, சிந்துபூந்துறை என்றால் அங்கே ஆற்றில் இறங்கும் துறை உண்டு. கொக்கிரகுளம், வேய்ந்தான்குளம் என்றால் அங்கே குளம் உண்டு. அன்றேல் முன்பு இருந்தது. பாளையங்கோட்டை என்ற பெயரிற் கோட்டை இருக்கின்றது. மண்ணின் மேலே அது எங்கே என்று தேடிப் பார்த்தவர் எத்துணைப் பேர்?

அக்கோட்டையின் மதில்கள் பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டன. வாயிற் பகுதிகளின் எச்சங்கள் கடைவீதிகளின் நடுவே இன்றும் நிற்கின்றன. அவற்றைக் கடந்து நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் மாணவர் பலர். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை சிறையிருந்ததும், 1801-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் காவலை மீறி வெளியேறிப் பாஞ்சாலங்குறிச்சியை மீண்டும் எழுப்பியதும் இப்பாளையங்கோட்டையிலிருந்தே என்பதை அறிந்தால், அக்கற்கள் வெறுங் கற்களாகத் தோன்றா.

ஊசிக் கோபுரம் என்று மக்கள் வழங்கும் தேவாலயமும் அங்கே உள்ளது. செருமானியராகிய இரேனியசு ஐயர் 1826-ஆம் ஆண்டில் அதனை எழுப்பினார். அவர் திருப்பாற்கடல்நாதன் கவிராயர் என்னும் வைணவப் புலவரிடம் தமிழ் பயின்றவர். 'பூமிசாஸ்திரம்' என்னும் நூலைத் தமிழில் எழுதி 1832-ஆம் ஆண்டில் வெளியிட்டவர். கடல் கடந்து வந்த ஆசிரியர் ஒருவர் உள்ளூர்ப் புலவரின் திண்ணையில் மாணவராய் அமர்ந்த ஊர் இது.

பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்வோர் ஆற்றைச் சுலோசன முதலியார் பாலத்தின் வழியே கடப்பர். 1843-ஆம் ஆண்டிற்கு முன் இங்கே பாலம் இல்லை, ஓடமே துணை. வெள்ளக் காலத்தில் அக்கரை வேறு உலகம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற் பணிபுரிந்த சுலோசன முதலியார், கடப்போரிடம் சுங்கம் வாங்கலாகாது என்று கருதித் தம் பொருளையே ஈந்தார் என்பர். அத்தொகை ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய். இலண்டன் நகரத்து வாட்டர்லூ பாலத்தைப் போலப் பதினொரு வளைவுகளுடன் இது அமைக்கப்பட்டது. அந்த வாட்டர்லூ பாலம் பிற்காலத்தில் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வேறொரு பாலம் எழுந்துவிட்டது. முன்மாதிரி மறைய, அதனைப் பார்த்துக் கட்டியது மட்டும் பொருநையின் மேல் நிற்கின்றது. பின்னாளில் இது அகலப்படுத்தப்பட்டமையால், மேலே பேருந்திற் செல்வோர்க்கு வளைவுகள் புலப்படா. ஆற்றங்கரையில் இறங்கி நின்று நிமிர்ந்து பார்த்தல் வேண்டும்.

திருநெல்வேலியின் நயினார்குளம் மற்றொரு காட்சி. ஆற்றின் குறுக்கேயுள்ள எட்டு அணைக்கட்டுகளுள் ஒன்றாகிய சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய் இக்குளத்திற்கு நீர் கொணர்கின்றது. விடியற்காலையில் கரைமேல் அசையாது நின்றால் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்துவதையும், நாமக்கோழிகள் கூட்டமாய் நீந்துவதையும், கொக்குகள் தவஞ்செய்வோர்போல் நிற்பதையும் காணலாம். ஓர் ஏட்டில் அவற்றின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்துவரும் மாணவன், ஓராண்டிற்குள் எந்தத் திங்களில் எந்தப் பறவை வரும் என்று தந்தைக்குச் சொல்லிக்கொடுப்பான். பொருநை நாட்டுக் குளங்களின் நீர்ப்பறவைகளை 2011-ஆம் ஆண்டு முதல் தன்னார்வலர்கள் இவ்வாறே கணக்கெடுத்து வருகின்றனர். அவர்களுள் மாணவரும் உளர்.

ஆனால், குளத்தைக் காணச் செல்வோர் மனம் நோகும் காட்சியையும் காண நேரும். கால்வாயிற் கழிவுநீர் கலக்கின்றது. ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடுகின்றது. யாரும் வந்து பாராத குளம் குப்பை கொட்டும் இடமாதல் எளிது. கரையில் நாள்தோறும் பத்துப் பேர் நின்றால், குப்பை வண்டிக்காரர் சற்றே தயங்குவர்.

நெல்லையப்பர் கோயிலைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. அதனை அறியாதார் யார்? சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் இணைக்கும் சங்கிலி மண்டபத்தை 1647-ஆம் ஆண்டில் வடமலையப்ப பிள்ளையன் கட்டுவித்தார் என்பதை மட்டும் நினைவிற்கொண்டு நடந்தால் போதும். திருச்செந்தூர்ச் சாலையிலுள்ள கிருட்டிணாபுரத்துக் கோயிலுக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குதல் தகும். அரசிளங்குமரியைத் தோளில் தூக்கிச் செல்லும் குறவனின் உருவில் நரம்பும் நகமும் தெளிவாய்த் தெரியும். அங்குள்ள கல்லைத் தட்டி ஓசை கேட்க விரும்புவோர் பலர். பலர் கை பட்டால் கல்லும் தேயும். கண்ணாற் காண்பதே நலம். அதே சாலையில் மேலும் சென்றால் ஆதிச்சநல்லூர் வரும். செருமானியர் ஒருவர் 1876-ஆம் ஆண்டில் முதன்முதல் தோண்டிய அப்பரம்பில், முதுமக்கள் தாழிகள் கிடந்த நிலையிலேயே அவற்றைக் காணும் வசதி 2023-ஆம் ஆண்டில் செய்யப்பட்டது.

இவை எல்லாவற்றினும் பொருநையின் இயல்பை நன்கு உணர்த்தும் இடம் குறுக்குத்துறையே ஆகும். மருத மரங்களின் நிழலில் நடந்து சென்றால், ஆற்றின் கரையிலன்று, ஆற்றின் உள்ளேயே முருகன் கோயில் ஒன்று தோன்றும். சுற்றிலும் உள்ள பாறைகளிற் சிற்பங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அறிவுடையோர் எவரேனும் ஆற்றிற்குள் கோயில் கட்டுவரோ என்று புதிதாய் வந்தவர் நகைப்பர். நகைப்பதற்குமுன் கோயிலைச் சுற்றி வருதல் வேண்டும். வெள்ளம் வந்து மோதும் பக்கத்தில் மதில் தட்டையாக இல்லை. படகின் முகம்போலக் கூராக இருக்கின்றது. மோதும் நீர் இரண்டாய்ப் பிளந்து இருமருங்கும் ஓடிவிடும். உயரமான கோபுரமும் இல்லை. வெள்ளத்தோடு போரிட்டு வெல்லும் கட்டடம் அன்று இது. வெள்ளத்திற்கு வழிவிட்டு வாழும் கட்டடம்.

1992-ஆம் ஆண்டு நவம்பரிலும் 2023-ஆம் ஆண்டு டிசம்பரிலும் ஆறு பெருகிக் கரைகளை மீறியது. பின்னைய பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆற்றை ஒட்டிய புதிய வீடுகள் பலவற்றுள் நீர் புகுந்தது. வேய்ந்தான்குளத்தின் அருகே அமைந்த பேருந்து நிலையமும் நீரில் நின்றது. குறுக்குத்துறைக் கோயிலும் மூழ்கியது. அது மூழ்குதல் புதிதன்று. நீர் ஏறத் தொடங்கியவுடன் உற்சவ மூர்த்தியையும் உடைமைகளையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுசென்றுவிடுவர். மூலவர் பாறையிலேயே வடிக்கப்பட்டவராதலின் அவரை எடுத்துச் செல்ல இயலாது. அவர்மீது ஆறு ஓடும். வெள்ளம் வடிந்தபின், உள்ளே நிறைந்த மணலையும் சேற்றையும் கூடைகூடையாக அள்ளி வெளியே கொட்டுவர், தரையைக் கழுவுவர், மேலக்கோயிலிலிருந்து உற்சவரை மீண்டும் அழைத்து வருவர். மண்டபத் தூண்களில் நீர் நின்ற உயரம் சின்னாட்கள் வரை சேற்றுக்கோடாகத் தெரியும்.