பழைய தமிழ் நூலை இணையத்தில் தேட... நூலகர்களுக்கு 5 குறிப்புகள்

வாசகர் கேட்ட பழைய நூல் ‘இல்லை’ என்று சொல்லும் முன் இவற்றையும் செய்து பாருங்கள்.

* சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாத அய்யர் எனப் பெயரின் எல்லா வடிவங்களையும் இட்டுத் தேடுங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பட்டியலில் உ.வே.சா. பெயர் ஆங்கில ‘எஸ்’ எழுத்தில் இல்லை, ‘சி’யில் இருக்கிறது. தமிழ்ச் சகரத்தை அங்கே அப்படித்தான் எழுதுவார்கள்.

* தலைப்பை இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போடுங்கள்.

* 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, னை, றா போன்றவை பழைய வடிவில் இருக்கும். ஸ்கேன் செய்த பக்கங்களில் அவற்றைக் கணினி பல நேரம் தப்பாகப் படித்துவிடும். அந்த எழுத்துகள் இல்லாத சொல்லாகப் பார்த்துத் தேடுங்கள்.

* தேடுபொறி எல்லாவற்றையும் காட்டாது. தமிழ் இணைய மின்னூலகம், மதுரைத் திட்டம், இலங்கையின் ‘நூலகம்’, இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகிய தளங்களுக்குள்ளேயே போய்த் தேடுங்கள்.

* இணைப்பு திறக்கவில்லையா? அந்த முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒட்டிப் பாருங்கள். பழைய பிரதி கிடைக்கலாம்.

நூல் கிடைத்ததும், பதிப்பு ஆண்டை முகப்புப் பக்கத்தில் சரிபார்த்த பிறகே வாசகரிடம் கொடுங்கள்.