ஏரியலுக்கு ஒரு ‘பாலன்’

சிற்றலை வானொலியில் தொலைதூர நிலையங்களைக் கேட்க விரும்பும் அன்பர்கள் சிலர், ஏரியலைக் கூரைக்கு மேல் உயர்த்திக் கட்டிய பின்னரும் இரைச்சல் குறையவில்லையே என்று வருந்துவதுண்டு. பெட்டியில்தான் பழுது என்று கருதி அதைப் பிரித்துப் பார்ப்பவரும் உளர். பெட்டியைப் பிரிக்குமுன், ஏரியலிலிருந்து இறங்கி வரும் கேபிளைச் சற்று ஆராய்வது நலம்.

நடுவில் துண்டித்து இருபுறமும் சமமாக நீட்டிக் கட்டிய கம்பியே எளிய ஏரியல். 7.1 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு இரு கரங்களும் சேர்ந்து ஏறத்தாழ 20 மீட்டர் இருக்கும். இரு கரங்களும் ஒத்தவை. ஆதலால் இது சமநிலையுடையது. கோ-ஆக்சியல் கேபிளோ அவ்வாறன்று. அதன் நடுவே ஒரு செம்புக் கம்பியும், அதைச் சூழ வலை போன்ற பின்னலும் உள்ளன.

உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். 7 மெகாஹெர்ட்ஸில் அது செம்பினுள் ஊடுருவும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் நாற்பதில் ஒரு பங்குதான். ஆகவே பின்னலின் உட்புறமும் வெளிப்புறமும் இரு வேறு கம்பிகள் போலவே நடந்துகொள்கின்றன. ஏரியலில் நாம் இணைப்பது இரண்டு முனைகள். ஆனால் அங்கே வழிகள் மூன்று! கரை உடைந்த வாய்க்காலில் நீர் வழிவது போல, மின்னோட்டத்தின் ஒரு பகுதி பின்னலின் வெளிப்புறத்தில் இறங்குகிறது. கேபிளே ஏரியலின் ஒரு பகுதியாகிவிடுகிறது. எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி மின்னேற்றி, இன்வெர்ட்டர் முதலியவை எழுப்பும் இரைச்சலை அது வீட்டினுள்ளேயே வாரிக்கொண்டு, மேலே சென்று, உள்வழியாகப் பெட்டிக்குத் திரும்புகிறது. ஒலிபரப்பும் அமெச்சூர் அன்பருக்கோ ஒலிவாங்கியைத் தொட்டால் உதட்டில் சுரீர் என்கிறது.

இந்த மூன்றாம் வழியை அடைப்பதே பாலனின் வேலை. பாலன் என்றதும் சிறு பிள்ளையை நினைக்க வேண்டாம். சமநிலை, சமநிலையின்மை என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் தலைப்பகுதிகளைச் சேர்த்துச் செய்த பெயர் அது. சுவிட்சர்லாந்துப் பொறியியலார் குஸ்தவ் குவானெல்லா 1944-இல் வெளியிட்ட முறை இன்றும் வழக்கிலுள்ளது. பழைய தொலைக்காட்சி ஏரியலில் 300 ஓம் மடிப்புக் கம்பியை 75 ஓம் கேபிளுடன் இணைத்த சிறு பெட்டியும் ஒரு பாலனே. அது நான்குக்கு ஒன்று வகை. நமது நேர்க்கம்பி ஏரியலுக்கு ஒன்றுக்கு ஒன்று வகை போதும்.

அதைச் செய்வது கடினமன்று. சுமார் 61 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள, 31-ஆம் கலவை ஃபெரைட் வளையம் ஒன்றில், ஆர்.ஜி.-58 என்ற மெல்லிய கேபிளைப் பன்னிரண்டு சுற்றுகள் சுற்றினால் 7 மெகாஹெர்ட்ஸுக்கு நன்கு உதவும். பழைய கணினியிலிருந்து கழற்றிய மஞ்சள் நிற வளையம் இதற்கு ஏற்றதன்று. அது இரும்புத் தூளால் ஆனது. அதைச் சுற்றி ஏமாந்தோர் பலர். பாலனின் இடம் ஏரியலின் நடுமுனை. கேபிள் வீட்டினுள் நுழையுமிடத்தில் இன்னொன்று வைத்தால் கேட்போருக்கு மேலும் பயன் உண்டு.

பாலன் ஒலியைப் பெருக்கும் என்று எதிர்பார்க்கலாகாது. ஏரியல் கம்பியே நேரடியாக ஏற்கும் இரைச்சலையும் அது தடுக்காது. ஆயினும் மெல்லிய குரலை மூடும் திரையில் ஒரு பகுதி விலகும். அதன் அருமை ஆபத்துக் காலத்தில் தெரியும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கி அந்தமான் தீவுகளின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது, போர்ட் பிளேருக்கு வந்திருந்த அமெச்சூர் வானொலிக் குழுவினரே சிற்றலை வழியே செய்திகளைத் தாயகத்திற்கு அனுப்பினர். அத்தகைய வேளையில் ஒரு பெயரோ எண்ணிக்கையோ இரைச்சலில் மறைந்தால் என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒலிபரப்புவதற்கு மத்திய அரசின் உரிமம் தேவை. கம்பி கட்டும்போது மின்கம்பிகளுக்கு வெகு தூரம் விலகியிருங்கள். பாலனை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, அடியில் ஒரு சிறு துளையிடுங்கள். கேபிளின் வெட்டுமுனையில் மழைநீர் இறங்காதபடி நன்றாக அடைத்துவிடுங்கள். பின்னல் கறுத்துவிட்டால் கேபிளையே மாற்ற நேரிடும். இடிமழை வருமுன் ஏரியல் இணைப்பைப் பெட்டியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.