முடிவு தெரிந்த பொய்க் கல்யாணம்

கேள்வி: பொய் நிச்சயதார்த்தம், பொய்க் கல்யாணம் என்று வரும் காதல் நகைச்சுவைப் படங்களின் முடிவு பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. பிறகும் ஜனங்கள் ஏன் ரசிக்கிறார்கள்?
– வாசகி, நீலசந்திரா, பெங்களூரு

பதில்: இவ்வகைக்குத் தமிழில் நல்ல உதாரணம், எல்.வி. பிரசாத் இயக்கிய 'மிஸ்ஸியம்மா' (1955). பள்ளிக்கூட வேலைக்குத் தம்பதிதான் தேவை என்பதால், இந்துவான பாலுவும் (ஜெமினி கணேசன்) கிறிஸ்தவப் பெண் மேரியும் (சாவித்திரி) கணவன் மனைவியாக நடிக்கிறார்கள். இருவரும் சேர்வார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் எழாது. ஆனால் பிறர் முன்னிலையில் குழைவதும், தனியே வந்ததும் சாவித்திரி சிடுசிடுப்பதும், ஜெமினி கணேசன் அசடு வழிவதும், தங்கவேலு துப்பறிகிறேன் என்று அலைவதும் அலுப்பதில்லை. ஊருக்குத் தெரியாத பொய் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும்; சுவாரசியமே அதில்தான். இதே கதை தெலுங்கில் 'மிஸ்ஸம்மா'வாக உடன் வெளிவந்தது. 1957இல் இந்தியில் 'மிஸ் மேரி' ஆனது.

குறை சொல்வோர் பக்கமும் நியாயம் உண்டு. காலிலுள்ள மச்சத்தை வைத்து, மேரிதான் அந்தப் பள்ளியை நடத்தும் ஜமீன்தாரின் காணாமல்போன மகள் மகாலட்சுமி என்று கண்டுபிடிக்கிறார்கள். மதச் சிக்கல் அத்தோடு தீர்ந்துவிடுகிறது. படத்தின் பலவீனம் தெரிந்த முடிவல்ல, இந்தச் சௌகரியமான மச்சம்தான்.