ஆவாரை: அடையாளமும் வளர்ப்பும்

புல்லும் கருகிப்போகும் கோடையில் ஏரிக்கரையிலும் பொட்டல் காட்டிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. தை பிறக்கும்போது அக்கம்பக்கத்து வீட்டார் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் காப்புக் கட்டுவதும் இதைத்தான்.

நம் சமுதாயத்துக்கு இந்தச் செடியோடு பழைய தொடர்பு ஒன்றும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல் தொழிலில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டைதான் தோலைப் பதப்படுத்தியது. பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்து தோலை அழுகாமல் காத்தது. பட்டைத் தண்ணீரில் ஊறிய தோலுக்குப் பிறகு கடுக்காய்த் தண்ணீர் காட்டுவார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை வந்து, அதன் பின் குரோம் முறையும் பரவியதால் ஆவாரம்பட்டைக்கு வேலை குறைந்தது. அந்தத் தொழிலில் இருந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பட்டையின் வாசனையையே சொல்வார்கள்.

இப்போது வீடுகளில் ஆவாரம்பூவைப் பற்றிய பேச்சு சர்க்கரை நோயை ஒட்டியே வருகிறது. பூவைப் பறித்துக் காயவைத்து டீ போடுகிறார்கள். பறிப்பதற்கு முன் செடி எதுவென்று தெரிய வேண்டும் என்பதே நாம் இதை எழுதுவதற்குக் காரணம்.

ஆவாரை ஆள் உயரம் வரை வளரும் புதர்ச்செடி. தண்டின் பட்டை பழுப்பு நிறமாக, வழவழப்பாக இருக்கும். ஒரு காம்பில் எட்டு முதல் பன்னிரண்டு இணைச் சிற்றிலைகள் வரும். சிற்றிலையின் நுனி மழுங்கியிருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் காது மடல்போல் வட்டமான சிறு இலைகள் ஒட்டியிருக்கும். இதுதான் முக்கிய அடையாளம். செடியின் தாவரவியல் பெயரே காதுடையது என்ற பொருளில் வந்தது. பூ ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அகலம், ஐந்து இதழ், ஓரம் சுருங்கியிருக்கும். காய் தட்டையாக, காய்ந்தால் காகிதம்போல் மெல்லியதாக இருக்கும்.

இதோடு குழப்பிக்கொள்ளும் செடி பேயாவரை. அதுவும் மஞ்சள் பூ, அதுவும் குப்பைமேட்டில் முளைக்கும். ஆனால் அதன் சிற்றிலைகள் நான்கைந்து இணைதான், நுனி கூர்மையாக இருக்கும், கசக்கினால் கெட்ட வாடை வரும். காது மடல் இலை கிடையாது. பூ சிறியது, காய் ஒடுங்கி நீண்டு சற்றே வளைந்திருக்கும். உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் பல ஆண்டுகளாகக் குழந்தைகளைப் பலிகொண்ட மர்மக் காய்ச்சலுக்கு, இந்தப் பேயாவரை விதையை விளையாட்டாகத் தின்றதே காரணம் என்று மருத்துவர்கள் 2007இல் எழுதினார்கள். கல்லீரல், தசை, மூளை மூன்றையும் அது தாக்குகிறது. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இது நின்றால் காய்க்கும் முன்பே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

ஆவாரையை வளர்ப்பது சிரமமில்லை. செடியிலேயே காய்ந்து பழுப்பான காயிலிருந்து விதை எடுக்க வேண்டும். விதையின் மேல்தோல் கெட்டியானது. அப்படியே போட்டால் பல விதைகள் முளைக்காமல் கிடக்கும். சொரசொரப்பான தரையில் மணலோடு சேர்த்து லேசாகத் தேய்த்து, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். உப்பிய விதையை விதையுங்கள், உப்பாததை மறுபடி தேய்த்து ஊறப்போடுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி என்பதால் நிற்கப்போகும் இடத்திலேயே விதைப்பது நல்லது. பையில் போட்டால் கன்று சிறிதாக இருக்கும்போதே நட்டுவிட வேண்டும். புரட்டாசியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் பிடித்துக்கொள்ளும். முதல் கோடைக்கு மட்டும் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். உரம் வேண்டாம். தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் ஆகாது. ஆடு மாடுகள் இதை அதிகம் கடிப்பதில்லை, அதனால் வேலிக்கு நல்லது. கபருஸ்தான் சுற்றுச்சுவரை ஒட்டி மூன்றடிக்கு ஒன்றாக வைக்கலாம். ஆண்டுதோறும் ஆள் வைத்து வெட்டும் சீமைக்கருவேலம் நிற்பதைவிட இது நிற்கட்டும் என்பது நமது கருத்து. பூத்து முடிந்ததும் கிளையை வெட்டிவிட்டால் புதிதாகத் துளிர்த்துக்கொள்ளும்.

டீயைப் பற்றி ஒரு வார்த்தை. ஆவாரம்பூ விலங்குகளில் செய்த ஆய்வுகளில் சர்க்கரையைக் குறைத்திருக்கிறது. அதை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தக் கூடாது. மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். நோன்பு நாட்களில் இதில் கூடுதல் கவனம் தேவை. வலிப்புக்குக் கார்பமசெபைன் சாப்பிடுபவர்கள் தொடவே வேண்டாம், அந்த மருந்தின் அளவை இது இரத்தத்தில் கூட்டுவதாக எலிகளில் கண்டிருக்கிறார்கள். கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

பறிப்பதென்றால் நெடுஞ்சாலை ஓரத்துச் செடியை விட்டுவிடுங்கள், புகையும் தூசியும் அதில் படிந்திருக்கும். காலையில் பறித்து, பூச்சி பார்த்து, நிழலில் துணி விரித்து உலர்த்துங்கள். எல்லாப் பூவையும் பறித்துவிட்டால் வண்டுக்கும் இல்லை, அடுத்த வருட விதைக்கும் இல்லை.