வீடு தேடிச் சென்ற விளையாட்டு

நுழையும்முன்

குழந்தையை வளர்ப்பது குடும்பத்தின் கடமை. குடும்பத்திற்குத் துணை நிற்பது அரசின் கடமை. ஆயினும், எத்தகைய துணை குடும்பத்திற்கு உண்மையாகவே பயன்படும் என்பதை எவ்வாறு அறிவது? அறிந்தபின் அதனை ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு எவ்வாறு கொண்டுசெல்வது? முதல் வினாவிற்கு விடை தருவது ஆய்வு. இரண்டாம் வினாவிற்கு விடை தருவது பயிற்சி. கரீபியன் கடலில் அமைந்த ஜமைக்காத் தீவில் நிகழ்ந்த ஓர் ஆய்வின் வழியாக இவ்விரண்டின் இன்றியமையாமையையும் விளக்குகிறது இப்பாடம்.

வாழ்வில் எழுந்த வினா

இயற்கையின் உண்மைகளை அறியும்பொருட்டு நிகழ்வது அடிப்படை ஆய்வு. மக்களின் வாழ்வில் எழும் சிக்கலுக்குத் தீர்வு காணும்பொருட்டு நிகழ்வது பயன்பாட்டு ஆய்வு. புதிய மருந்தொன்றை மக்களுக்கு வழங்குவதற்கு முன்னர் அதனைப் பலமுறை சோதித்துப் பார்ப்பது மருத்துவ உலகின் மரபு. குடும்பங்களுக்கான திட்டங்களோ பெரும்பாலும் நல்லெண்ணத்தின் அடிப்படையிலேயே தொடங்கப்படுகின்றன. அவற்றால் விளைந்த பயன் என்ன என்னும் வினா பிற்காலத்தில்தான் எழுகிறது. சிலவேளைகளில் எழுவதே இல்லை.

ஜமைக்கா 1962 ஆம் ஆண்டு விடுதலை பெற்ற நாடு. அதன் தலைநகரான கிங்ஸ்டனின் வறிய பகுதிகளில் வாழ்ந்த குழந்தைகள் பலர் வயதிற்கேற்ற உயரமின்றி இருந்தனர். நீண்டகால ஊட்டக்குறைவு அதற்கு முதன்மையான காரணம். உயரக் குறைவு கண்ணுக்குப் புலப்பட்டது. பேச்சிலும் சிந்தனையிலும் அக்குழந்தைகள் பின்தங்கியமை அத்துணை எளிதாகப் புலப்படவில்லை. பள்ளியில் சேர்ந்தபின்னரே அது வெளிப்பட்டது. அதற்குள் மூளை மிக விரைந்து வளரும் முதல் மூன்றாண்டுகள் கடந்துவிட்டிருந்தன.

மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் சாலி கிரான்தம்-மெக்ரெகர் இச்சிக்கலை ஆராய்ந்தார். கடும் ஊட்டக்குறைவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளிடம் அவர் முன்னரே ஓர் உண்மையைக் கண்டிருந்தார். உணவோடு விளையாட்டும் பெற்ற குழந்தைகள் அறிவுத்திறனில் நன்கு தேறினர் என்பதே அது. அவ்வாறாயின், வீட்டில் வாழும் குழந்தைகளுக்கு உணவு மட்டும் போதுமா? விளையாட்டும் உரையாடலும் வேண்டுமா? இரண்டும் சேர்ந்தால் என்ன நிகழும்? இவையே அவருடைய குழுவினர் விடை தேடிய வினாக்கள்.

நான்கு குழுக்கள்

1986–87 இல் ஆய்வு தொடங்கியது. 9 மாதம் முதல் 24 மாதம் வரை வயதுடைய, வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள் சமவாய்ப்பு முறையில் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற்குழுவிற்கு வாரந்தோறும் ஒரு கிலோ பால்மாவு வழங்கப்பட்டது. இரண்டாம் குழுவினரின் வீடுகளுக்கு நலப்பணியாளர் வாரம் ஒருமுறை சென்று, ஒரு மணி நேரம் தாயுடனும் குழந்தையுடனும் விளையாட்டில் ஈடுபட்டார். மூன்றாம் குழு இரண்டையும் பெற்றது. நான்காம் குழு ஒப்பீட்டுக் குழுவாக அமைந்தது. இவ்வேற்பாடு ஈராண்டுகள் நீடித்தது.

ஆய்வாளர்கள் இரண்டு செய்திகளில் கருத்தாக இருந்தனர். வறிய வீட்டில் ஒரு குழந்தைக்குத் தரப்படும் உணவு மற்றக் குழந்தைகளுக்கும் பகிரப்படுவது இயல்பு. தாயைத் தடுப்பது அறமும் அன்று; அது நடவாததுமாகும். எனவே, குடும்பத்தாருக்கெனத் தனியே சோளமாவும் பால்தூளும் வழங்கப்பட்டன. அடுத்து, விளையாட்டுப் பயிற்சி பெறாத வீடுகளுக்கும் பணியாளர்கள் வாரந்தோறும் சென்று குழந்தையின் உடல்நலத்தைக் கேட்டறிந்தனர். ஒருவர் வீட்டிற்கு வந்து நலம் வினவுவதே குழந்தையின் முன்னேற்றத்திற்குக் காரணமோ என்னும் ஐயம் இதனால் நீங்கியது. குடும்பத்தின் இயல்பை அறிந்து, அதற்கேற்ப ஆய்வை வகுத்தமையே இதன் சிறப்பு.

எளிய பொருள்கள், அரிய பயன்

வீடுகளுக்குச் சென்றவர்கள் பட்டம் பெற்ற வல்லுநர்கள் அல்லர். அரசு நல மையங்களில் பணியாற்றிய உதவியாளர்கள். அவர்கள் கொண்டுசென்ற விளையாட்டுப் பொருள்களும் விலைக்கு வாங்கியவை அல்ல. வெற்று நெகிழிப் புட்டியில் சிறு பொருள்களை இட்டால் அது கிலுகிலுப்பை ஆயிற்று. அட்டைப்பெட்டி அடுக்கு விளையாட்டாயிற்று, துணித்துண்டு பொம்மையாயிற்று. ஒரு வாரம் வீட்டில் விட்டுச் சென்ற பொருளை அடுத்த வாரம் பெற்றுக்கொண்டு, புதிய ஒன்றை அளித்தனர்.

பணியாளர் குழந்தைக்கு ஆசிரியராக இருக்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. அவர் தாய்க்குச் செய்துகாட்டினார்; பின்னர்த் தாய் குழந்தையுடன் விளையாடினார். குளிப்பாட்டும்போதும் துணி துவைக்கும்போதும் பொருள்களின் பெயரைச் சொல்லிப் பேசுதல், பாடுதல், குழந்தை செய்த சிறு செயலையும் பாராட்டுதல், அடித்தலைத் தவிர்த்தல் ஆகியவை பழக்கமாயின. வாரத்தில் ஒரு மணி நேரமே பணியாளருக்கு உரியது. எஞ்சிய நேரமெல்லாம் தாய்க்கும் குடும்பத்தார்க்கும் உரியது. எனவே, தாயின் தன்னம்பிக்கையை வளர்ப்பதே அந்த ஒரு மணி நேரத்தின் உண்மையான நோக்கம். அன்னையைக் குறைகூறி அறிவுரை வழங்கும் திட்டத்திற்கும், அவரிடம் ஏற்கெனவே உள்ள ஆற்றலை மதித்து வளர்க்கும் திட்டத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

காலம் தந்த விடை

ஈராண்டுகளின் முடிவில் உணவு, விளையாட்டு ஆகிய இரண்டுமே பயன் தந்திருந்தன. இரண்டையும் பெற்றவர்கள் மிகுந்த முன்னேற்றம் கண்டனர். ஆய்வு அத்துடன் நிறைவுற்றிருந்தால் உண்மையின் ஒரு பகுதியே வெளிப்பட்டிருக்கும். ஆய்வாளர்கள் அக்குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வந்தனர். 11 வயதை எட்டியபோது உணவால் மட்டும் விளைந்த அறிவுவளர்ச்சிப் பயன் தேய்ந்திருந்தது. விளையாட்டால் விளைந்த பயன் நிலைத்திருந்தது. 17 வயதில் அவ்விளையாட்டைப் பெற்றோர் படிப்பில் மேம்பட்டிருந்தனர்; அவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன.

22 ஆம் வயதில் 129 பேரில் 105 பேரை ஆய்வாளர்கள் மீண்டும் கண்டறிந்தனர். விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் வருவாய், பெறாதவர்களின் வருவாயைவிட 25 விழுக்காடு மிகுந்திருந்தது. பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் உள்ளிட்டோர் ஆராய்ந்த இம்முடிவு 2014 இல் 'சயின்ஸ்' இதழில் வெளியாயிற்று. இருபதாண்டுகளுக்கு முன் வாரத்தில் ஒரு மணி நேரம் விளையாடிய விளையாட்டு, ஒருவருடைய ஊதியத்தில் வெளிப்பட்டது என்பது கொள்கை வகுப்போரைச் சிந்திக்க வைத்தது.

இதனால் உணவு தேவையில்லை எனக் கொள்வது பிழையாகும். பசித்த குழந்தைக்கு உணவளிப்பது தன்னளவிலேயே கடமை. உணவளித்ததோடு கடமை முடிந்துவிடவில்லை என்பதே இவ்வாய்வு உணர்த்தும் பாடம்.

பயிற்சியின் இன்றியமையாமை

ஒரு நகரில் 129 குழந்தைகளிடம் பெற்ற வெற்றியை ஒரு நாடு முழுவதும் பெறுதல் இயலுமா? இவ்வினாவிற்கு விடை தேடி வங்காளதேசம், கொலம்பியா, பெரு முதலிய நாடுகள் இம்முறையைத் தத்தம் மொழிக்கும் வாழ்வுக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டன. பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்கெனப் பாடத்திட்டமும் கையேடும் படக்காட்சிகளும் உருவாக்கப்பட்டன.

கொலம்பியாவின் பட்டறிவு குறிப்பிடத்தக்கது. அங்கு 96 நகராட்சிகளில், அந்தந்த ஊர்ப் பெண்களையே பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்பினர். 18 மாதங்களின் முடிவில் குழந்தைகளின் அறிவுத்திறன் உயர்ந்திருந்தது. ஆனால், ஈராண்டுகள் கழித்துச் சோதித்தபோது அவ்வுயர்வு காணப்படவில்லை. இம்முடிவை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. திட்டம் விரிவடையும்போது பயிற்சியின் ஆழமும் மேற்பார்வையும் குறைந்துவிடக் கூடும். குழந்தை அடுத்துச் சேரும் பள்ளியின் தரமும் பயனைப் பாதிக்கக் கூடும். விரும்பிய முடிவைப் போலவே விரும்பாத முடிவையும் வெளியிடுவதே நேர்மையான ஆய்வு. அதனால்தான் அடுத்த திட்டம் திருந்துகிறது.

இந்தியாவிலும் ஒடிசா மாநிலத்தின் கட்டக் நகரக் குடிசைப் பகுதிகளில் இம்முறை சோதிக்கப்பட்டு, குழந்தைகளின் அறிவுத்திறன் உயர்ந்தமை கண்டறியப்பட்டது. 1975 அக்டோபர் 2 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடிகள் நாடெங்கும் இயங்கி வருகின்றன. ஊட்டத்தோடு தொடக்கக் கல்வியையும் வழங்குவதற்கு அங்கன்வாடிப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் திட்டத்தை இந்திய அரசு 2023 இல் தொடங்கியது. எடை பார்த்தல், சத்துமாவு வழங்குதல், பதிவேடு எழுதுதல் எனப் பல பணிகளைச் சுமக்கும் பணியாளருக்குப் புதிய கடமையைச் சேர்க்கும்போது, அதற்குரிய பயிற்சியும் நேரமும் மதிப்பும் சேர்த்து வழங்கப்படல் வேண்டும். பயிற்சி இல்லாத திட்டம் தாளில் மட்டுமே வாழும்.

குடும்பத்தின் தேவையிலிருந்து வினா பிறக்கிறது. ஆய்வு அவ்வினாவைச் சோதிக்கிறது. பயிற்சி விடையை வாசல்வரை கொண்டுசெல்கிறது. கொள்கை அதனை எல்லார்க்கும் உரியதாக்குகிறது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் இழப்பு குழந்தைக்கே. முதல் மூன்றாண்டுகள் எந்தக் குழந்தைக்கும் இருமுறை வாய்ப்பதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதி அங்கன்வாடிப் பணியாளரைச் சந்தித்து, அவருடைய ஒருநாள் பணிகளைக் கேட்டறிந்து பட்டியலிடுக.

2. வீட்டில் பயனின்றிக் கிடக்கும் பொருள்களைக் கொண்டு இரண்டு வயதுக் குழந்தைக்கு ஏற்ற விளையாட்டுப் பொருள் ஒன்றை உருவாக்கி, அதன் பயனை வகுப்பறையில் விளக்குக.

3. 'விரும்பாத முடிவையும் வெளியிடுவதே நேர்மையான ஆய்வு' – கொலம்பிய நிகழ்வைக் கொண்டு இக்கருத்தை நிறுவுக.