இன்னும் அணிக்கு வராதவர்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். எனக்குத் தெரிந்தது கிரிக்கெட். ஐஸ் ஹொக்கி என் மகளிடமிருந்து கற்றுக்கொண்டது. அவளுக்குப் பதினான்கு வயது. மேப்பிள் லீஃப்ஸ் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதுகூட அவள் பேச்சு முழுக்க இன்னும் அந்த அணிக்கே வராத பையன்களைப் பற்றித்தான். ஒருவன் அமெரிக்காவில் யுனிவர்சிட்டியில் படிக்கிறானாம். இன்னொருவன் லண்டனில், அதாவது ஒன்ராரியோ லண்டனில், கோல் மேல் கோல் அடிக்கிறானாம். மூன்றாமவனை மார்லீஸுக்கு இறக்கிவிட்டார்களாம். யார் எங்கே, ஏன் என்று ஒன்றும் பிடிபடவில்லை. போதாக்குறைக்கு 2025 மார்ச்சில் அவளுக்குப் பிடித்த ஃபிரேசர் மின்டனை பொஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று இரவு அவள் சாப்பிடவே இல்லை. இந்தப் பையன்களைப் பின்தொடர்வதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? இருந்தால் நான் எதைப் பார்க்க வேண்டும்?

- ஒரு தந்தை, ஸ்காபரோ

பதில்: மகளைச் சாப்பிட வைப்பது உங்கள் பொறுப்பு. மற்றதற்கு முயன்று பார்க்கிறேன்.

ட்ராஃப்டில் பெயர் வந்துவிட்டால் பையன் அடுத்த நாளே நீலச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கிவிடுவான் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. என்.எச்.எல். ட்ராஃப்டில் 32 அணிகள், ஏழு சுற்றுகள். தேர்வாகும் பையன்களில் பெரும்பாலோருக்கு வயது 18. அணிக்குக் கிடைப்பது ஓர் உரிமை மட்டுமே: இந்தப் பையன் என்.எச்.எல்.லுக்கு வருவதானால் சில காலம்வரை எங்களோடுதான் ஒப்பந்தம் போட வேண்டும் என்ற உரிமை. ஒருசிலரைத் தவிர மற்ற எல்லோரும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த இடத்துக்கே திரும்பிப் போகிறார்கள், அல்லது கல்லூரிக்குப் போகிறார்கள். உங்கள் மகள் பின்தொடர்வது இந்த இடைக்காலத்தை. அது இரண்டு வருடமாகவும் இருக்கலாம், ஏழு வருடமாகவும் இருக்கலாம்.

இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் மூன்று பெரிய ஜூனியர் லீக்குகள் இருக்கின்றன. நம் மாகாணத்துக்குரியது ஒன்ராரியோ ஹொக்கி லீக். அங்கே 16 முதல் 20 வயதுவரை உள்ளவர்கள் ஆடுகிறார்கள், ஒரு பருவத்தில் 68 ஆட்டம். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆட்டம் ஏறத்தாழ அதில் பாதிதான், பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில்; வாரத்தின் மற்ற நாட்கள் வகுப்புக்கும் உடற்பயிற்சிக்கும். ஆனால் எதிரே நிற்பவனுக்கு 23, 24 வயதுகூட இருக்கும். இவற்றுக்கு மேலே அமெரிக்கன் ஹொக்கி லீக். சம்பளம் வாங்கும் ஆண்கள் 72 ஆட்டம் ஆடும் இடம் அது. ஒவ்வொரு என்.எச்.எல். அணிக்கும் அங்கே ஒரு துணை அணி உண்டு; லீஃப்ஸுக்கு மார்லீஸ். ஐரோப்பிய லீக்குகளும் இருக்கின்றன, அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

இனி ஒருவரின் கதை. மாத்யூ நைஸை உங்களுக்குத் தெரிந்திருக்கும், பெரிய உடம்போடு கோல் வலைக்கு முன்னால் போய் நிற்பவர். 2021 ட்ராஃப்டில் லீஃப்ஸ் அவரை எடுத்தது இரண்டாம் சுற்றில், 57ஆவது ஆளாக. அரிசோனாவில் பிறந்தவர், பெற்றோர் ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தவர்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதல் வருடமே நன்றாக ஆடி, 2022 பீஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியிலும் இடம் கிடைத்தது. அந்த வசந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று ரொறன்ரோவே எதிர்பார்த்திருக்க, அவர் இன்னொரு வருடம் கல்லூரிக்குத் திரும்பிப் போனார். எரிச்சல்பட்ட ரசிகர்கள் நிறையப் பேர். என் கணிப்பில் அவர் எடுத்த மிகச் சரியான முடிவு அதுதான். ரொறன்ரோவில் நான்காவது வரிசையில் ஏழு நிமிடம் ஆடுவதைவிட, மினசோட்டாவில் முதல் வரிசையில் இருபது நிமிடம் ஆடுவது 19 வயதுப் பையனுக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

2023 ஏப்ரல் 8 அன்று தாம்பாவில் கல்லூரி இறுதி ஆட்டம், மினசோட்டாவுக்கு எதிராகக் குவினிபியாக். கடைசி மூன்று நிமிடத்துக்குள் குவினிபியாக் சமன் செய்தது. ஓவர்டைம் தொடங்கிப் பத்தாவது நொடியில் ஜேக்கப் குவில்லன் என்ற நோவா ஸ்கோஷியாப் பையன் கோல் அடித்தார், ஆட்டம் முடிந்தது. மறுநாள் நைஸ் லீஃப்ஸோடு ஒப்பந்தம் போட்டார். அதற்கடுத்த நாள் அதே ஃபுளோரிடாவில், பாந்தர்ஸுக்கு எதிராக, முதல் என்.எச்.எல். ஆட்டம். சில நாளில் பிளேஓஃப். 2004க்குப் பிறகு முதல் முறையாக லீஃப்ஸ் ஒரு பிளேஓஃப் தொடரை வென்றபோது இந்தப் பையனும் அந்த அணியில் இருந்தார். 2024-25 பருவத்தில் 29 கோல்.

அந்தக் குவில்லன் என்ன ஆனார்? ட்ராஃப்டில் அவரை யாருமே எடுத்திருக்கவில்லை. கல்லூரியில் இன்னொரு வருடம் ஆடிவிட்டு 2024இல் அவர் ஒப்பந்தம் போட்ட அணி, ரொறன்ரோ. மார்லீஸில் ஆடினார், 2025 ஜனவரியில் லீஃப்ஸுக்காகவும் ஒரு முறை இறங்கினார். இரண்டாம் சுற்றில் தேர்வாகி வந்த ஒருவரும், யாரும் தேர்ந்தெடுக்காமல் அவரையே தோற்கடித்த ஒருவரும் ஒரே நிறுவனத்தில்! உங்கள் மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், ஆனால் உங்களுக்கும் தெரியும் என்பதில் சந்தோஷப்படுவாள்.

எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். கோலும் அசிஸ்டும் சேர்ந்த புள்ளிக் கணக்கைக் கடைசியாகப் பாருங்கள். ஜூனியரில் 19 வயதுப் பையன் 16 வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே நூறு புள்ளி எடுப்பது உங்களுக்குத் தெரிந்த கிரிக்கெட்டில் பள்ளி அணிக்கெதிராக அடிக்கும் சதம் மாதிரி. கெட்டிக்காரன் என்று தெரியும், எவ்வளவு கெட்டிக்காரன் என்று தெரியாது. நான் முதலில் தேடுவது பயிற்றுநரின் நம்பிக்கையை. அணி ஒரு கோல் முன்னிலையில் இருக்கிறது, கடைசி நிமிடம், எதிரணி கோலியை வெளியே எடுத்துவிட்டு ஆறு பேரோடு வருகிறது. அப்போது பனித்தளத்தில் நிற்பது யார்? தன் அணியில் ஒருவர் தண்டனைப் பெட்டியில் இருக்கும்போது இறக்கப்படுபவர் யார்? எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர்பிளேயில் மட்டும் புள்ளி சேர்த்துக்கொண்டு, இந்த நேரங்களில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனை மேலே கொண்டுவந்தால் என்ன செய்வது என்று என்.எச்.எல். பயிற்றுநருக்கும் தெரியாது. டிசம்பரில் எட்டு நிமிடம் ஆடியவன் மார்ச்சில் பதினாறு நிமிடம் ஆடுகிறான் என்றால், அந்தப் பையன் ஒரு கோல்கூட அடிக்காவிட்டாலும் வளர்ந்துகொண்டிருக்கிறான்.

லண்டனில் கோல் அடிக்கிறான் என்று நீங்கள் எழுதிய பையன் லண்டன் நைட்ஸ் அணியின் ஈஸ்டன் கவனாக இருக்கும். 2023இல் லீஃப்ஸ் அவரை முதல் சுற்றில், 28ஆவதாக எடுத்தபோது இது அவசரம், இன்னும் பின்னால் எடுத்திருக்கலாம் என்றார்கள் பலர். அடுத்த வருடமே ஒன்ராரியோ லீக்கின் சிறந்த வீரர் விருது அவருக்கு. 2025இல் லண்டன் மெமோரியல் கோப்பையை வென்றது. அந்தப் போட்டியின் மிகச் சிறந்த வீரரும் அவரே. ஆனால் அதே 2024-25 பருவத்தின் தொடக்கத்தில் அவரை லீஃப்ஸ் திருப்பி அனுப்பியபோது, 'ஏன் மார்லீஸில் போடக்கூடாது?' என்ற கேள்வி எங்கும் எழுந்தது. போட முடியாது என்பதுதான் விடை. கனடிய ஜூனியரிலிருந்து எடுக்கப்பட்டவன் 20 வயதை எட்டும்வரை என்.எச்.எல்.லில் ஆட வேண்டும், இல்லையென்றால் ஜூனியருக்குத் திரும்ப வேண்டும்; நடுவே உள்ள படி அவனுக்கு மூடியிருக்கும். ஜூனியர் அணிகள் தங்கள் நட்சத்திரங்களை இழந்துவிடாமல் காக்க வந்த ஏற்பாடு இது. 19 வயதுக்காரர்களுக்கு இதைத் தளர்த்த 2025இல் முடிவான புதிய தொழிலாளர் ஒப்பந்தத்தில் வழி செய்திருக்கிறார்கள். கல்லூரிக்குப் போனவனுக்கு இந்தத் தடை கிடையாது.

இப்படி ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத விதிகள் இன்னும் சில உண்டு. 'நன்றாக ஆடியவனை ஏன் அனுப்பினார்கள்?' என்ற கேள்விகளில் பாதிக்கு விடை அங்கேதான் கிடைக்கும். 18, 19 வயதில் ஒப்பந்தம் போட்டவன் அந்தப் பருவத்தில் பத்து என்.எச்.எல். ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் அவனுடைய மூன்று வருட ஒப்பந்தம் அந்த வருடம் ஓடத் தொடங்காது, தள்ளிப்போகும். அதனால்தான் ஒன்பதாவது ஆட்டம் நெருங்கும்போது செய்தியாளர்கள் பரபரக்கிறார்கள். மின்டன் 2023இல் நான்கே ஆட்டம் ஆடிவிட்டு ஜூனியருக்குப் போனது நினைவிருக்கலாம். அடுத்தது வேவர்ஸ். அனுபவமுள்ள ஒருவரை மார்லீஸுக்கு இறக்கினால் மற்ற 31 அணிகளில் எதுவும் அவரைத் தூக்கிக்கொண்டு போகலாம். இளையவர்களுக்குச் சில வருடம் இதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே இருவரில் ஒருவர் போக வேண்டும் என்றால், நன்றாக ஆடும் 21 வயதுக்காரரே மூட்டை கட்டுவார். மகள் கோபப்படும் நாட்களில் முதலில் இதைச் சரிபாருங்கள்.

கல்லூரிப் பாதையில் அணிக்கும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஜிம்மி வீஸி என்பவரை நாஷ்வில் 2012இல் எடுத்தது. அவர் ஹார்வர்டில் நான்கு வருடமும் முழுதாகப் படித்தார், 2016இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹோபி பேக்கர் விருதை வாங்கினார், நாஷ்விலோடு கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். உரிமைக் காலம் முடியும்வரை பொறுத்திருந்து நியூயோர்க் ரேஞ்சர்ஸில் சேர்ந்தார். விதிப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. அதனால் நான்காம் வருடம் படிக்கிற பையனைப் பற்றி ரசிகர்கள் பதறுவது காரணமில்லாமல் அல்ல.

இன்னொரு மாற்றத்தையும் கவனத்தில் வையுங்கள். முன்பெல்லாம் கனடிய ஜூனியரில் கால் வைத்தவனுக்கு அமெரிக்கக் கல்லூரிக் கதவு சாத்தப்பட்டுவிடும். 2024 நவம்பரில் அந்தத் தடையை நீக்கினார்கள். 2025-26 பருவத்திலிருந்து நடைமுறை. மெடிசின் ஹட் ஜூனியர் அணியின் கவின் மக்கென்னா பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனது இதனால்தான். ஜூனியரில் சிறந்த 18, 19 வயதுக்காரர்கள் கல்லூரிக்கு நகர்ந்தால் இரண்டு லீக்கும் வேறாகிவிடும். 'ஐந்து வருடத்துக்கு முன் இன்னார் கல்லூரியில் இத்தனை புள்ளி எடுத்தார்' என்ற பழைய அளவுகோலை இனி அப்படியே வைத்து அளக்க முடியாது.

கோலிகள் தனி ஜாதி. ஜோசப் வோலை லீஃப்ஸ் எடுத்தது 2016இல். பொஸ்டன் கொலேஜில் மூன்று வருடம், பிறகு மார்லீஸில் காயமும் காத்திருப்புமாகப் பல பருவங்கள். லீஃப்ஸில் நிலையான இடம் கிடைத்தது 2023இல். வினிபெக்கின் கானர் ஹெல்லபக் 2012இல் ஐந்தாம் சுற்றில், 130ஆவதாக வந்தவர். மாசசூசெட்ஸ் லோவல் கல்லூரி, பிறகு நியூஃபவுண்ட்லாந்தில் சென் ஜோன்ஸ் துணை அணி என்று படிப்படியாக ஏறி வந்தார். சிறந்த கோலிக்கான வெசினா விருதை மூன்று முறை வாங்கியிருக்கிறார், 2025இல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரரும் அவர்தான். இருபது வயதுக் கோலியைப் பற்றி யாராவது உறுதியாகத் தீர்ப்புச் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் தொடங்கும் உலக ஜூனியர் போட்டியும் அப்படித்தான். நானும் விடாமல் பார்ப்பவன். ஆனால் ஏழு ஆட்டத்தை வைத்து ஒரு பையனை வானத்துக்கு உயர்த்துவதும் குழியில் தள்ளுவதும் கனடாவின் குளிர்கால வியாதி.

மின்டன் விஷயத்துக்கு வருகிறேன். லீஃப்ஸ் அவரையும் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வையும் கொடுத்து பிராண்டன் கார்லோ என்ற தடுப்பாட்டக்காரரை வாங்கினார்கள். வெல்ல வேண்டிய வருடத்தில் அணிகளின் கையில் இருக்கும் பணமே இந்தப் பையன்கள்தான். பயனற்றவர் என்பதால் அனுப்பப்பட்டவர் அல்ல அவர்; பொஸ்டன் கேட்டு வாங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டதால் போனவர். 2018இல் கால்டர் கோப்பையை வென்ற மார்லீஸ் அணியைப் பாருங்கள். ட்ரெவர் மூர் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் மேசன் மார்ச்மென்ட் ஃபுளோரிடாவுக்கும் போய்த்தான் பெயரெடுத்தார்கள். எனவே மகளிடம், மின்டனைப் பொஸ்டன் சட்டையிலும் பின்தொடரலாம் என்று சொல்லுங்கள். லீஃப்ஸுக்கு எதிராக அவர் கோல் அடிக்கும் இரவில் கைதட்டுவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

கடைசியாக, எங்கே பார்ப்பது? இருபது பேரைப் பின்தொடர வேண்டாம். மூன்று பேர் போதும்: ஜூனியரில் ஒருவர், கல்லூரியில் ஒருவர், மார்லீஸில் ஒருவர். கணக்குகளுக்கு எலைட் புரொஸ்பெக்ட்ஸ் தளம் இருக்கிறது. வயதையும் லீக்கையும் சேர்த்துப் படியுங்கள். ஆனால் திரையை மட்டும் நம்பாதீர்கள். கேமரா பக்கைத்தான் துரத்துகிறது, பக் இல்லாத நேரத்தில் பையன் எங்கே போகிறான் என்பது அரங்கில்தான் தெரியும். மார்லீஸ் ஆடும் கோகா-கோலா கொலிசியம் எக்ஸிபிஷன் பிளேஸில், ஒரு கோ ரயில் தூரத்தில். சீட்டு லீஃப்ஸ் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஜூனியர் ஆட்டம் பார்க்க ஒஷாவா இருக்கிறது. 2024, 2025 இரண்டு வருடமும் ஒன்ராரியோ லீக் இறுதித் தொடரில் லண்டனிடம் தோற்றது இந்த ஒஷாவா ஜெனரல்ஸ்தான், ஆகவே லண்டன் அங்கே வரும் இரவில் அரங்கம் சும்மா இருக்காது. ஆட்டம் தொடங்குமுன் மகளை ஓர் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். முதல் பீரியட் முழுக்கப் பக்கை மறந்துவிட்டு அந்த எண்ணை மட்டும் பாருங்கள்.