மண்ணின் ஈரமும் கருவியின் கணக்கும்

யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களுக்குக் கிணற்று நீரே உயிர். சுண்ணக்கற் பாறையில் மழையாற் சேரும் அந்நன்னீரின் கீழ் உவர்நீர் உண்டு. மிகையாக இறைப்பின் அது மேலெழும். ஆதலின் காலமறிந்து இறைத்தல் நம் கடனாகும்.

இதற்குத் துணையாவது, வேர் படரும் ஆழத்தில் நாட்டப்படும் ஈரவுணரி. நீரின் மின்னுழைய மாறிலி ஏறக்குறைய 80. உலர்ந்த மண்ணினதோ 5 அளவினதே. இவ்வேறுபாட்டைக் கொண்டே கருவி ஈரத்தைக் கணிக்கின்றது.

ஆயின், எண் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. கனவளவில் நூற்றுக்கு 15 பங்கு ஈரம் மணலிற் பயிருக்குப் போதியது; களிமண்ணிலோ அவ்வீரத்திற் பயிர் வாடிவிடும். களியின் நுண்டுகள்கள் நீரை இறுகப் பற்றுதலே காரணம். நம் செம்மண் களித்துகள் உடையதாயினும் நீரை விரைவில் வடியவிடும்.

எனவே அவ்வம்மண்ணுக்குரிய எல்லைகளை முதலிற் காண்போமாக. நன்கு நனைந்து மிகைநீர் வடிந்தபின் கருவி காட்டும் எண் மேலெல்லை. பயிர் வாடும்போது காட்டுவது கீழெல்லை. இடைப்பட்ட நீரிற் பாதி குறைந்ததும் இறைத்தல் பெரும்பாலான பயிர்களுக்கு ஏற்றது. மணலுக்குச் சிறிதுசிறிதாய் அடிக்கடியும், களிக்கு இடைவிட்டு மிகுதியாகவும் இறைத்தல் வேண்டும்.

கிணறு உவரான பின் எக்கருவியும் நமக்கு உதவாது.